இரவல் இழுப்பு

பரீட்சைத் தாளைக் கட்டைவிரலால் மேலே தள்ளியது இசக்கிராஜ்தான். அன்று இயற்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டுக்கு இன்டர்னல் பரீட்சை. முதல் கேள்வியைப் படித்து முடித்தான். அடுத்த கேள்வி வர வேண்டும் என்று தாளின் நடுவில் விரலை வைத்து ஒரு தள்ளு தள்ளினான். வரவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினான். தாள் வழுக்கிக்கொண்டு போய் முன்னால் இருந்த பெண்ணின் முதுகில் முட்டிக் கீழே விழுந்தது.

மேற்பார்வைக்கு வந்திருந்த பேராசிரியர் ஆவுடையப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏலே, என்ன செய்யுத?"

"அடுத்த கேள்வி லோடு ஆகல சார்."

அறை முழுவதும் சிரித்தது. இசக்கியும் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவன் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கட்டைவிரல் மட்டும் வெறும் காற்றை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அந்த விரலைத் தன் உள்ளங்கையில் பிடித்து மூடினார். மூடிய கைக்குள் அது கோழிக்குஞ்சு மாதிரித் துடித்தது.

ஆவுடையப்பனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தேழு வயது. தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டன் போன் வைத்திருந்த கடைசி மனிதர். வளாகத்தில் கைபேசியைத் தடை செய்யும் குழுவுக்கு அவர்தான் தலைவர். பதினோரு விதிகள் கொண்ட தீர்மானம் ஒன்றை எழுதி, கல்விக்குழுக் கூட்டத்துக்காகக் காத்திருந்தார். அந்த விதிகள் நிறைவேறினால் இசக்கி மாதிரி ஆட்களை ஒரு பருவம் வெளியே அனுப்பலாம். ஆனால் கைக்குள் துடித்த விரல் அவரை என்னவோ செய்தது. அவனைக் கூட்டிக்கொண்டு மனநல மையத்துக்குத் தாமே நடந்தார்.

மையத்தை நடத்தியவர் டாக்டர் ஜெபசெல்வி. இசக்கியிடம் அவர் அதிகம் கேட்கவில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பாக்க?"

"பதினோரு மணி நேரம் மேடம்."

"பரீட்சை சமயத்துல கொறையுமா?"

"கூடும் மேடம்."

அறையின் மூலையில் இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் அழகு நிலையத்தில் முடி காய வைக்கும் கூண்டு மாதிரி ஒன்று தொங்கியது.

"இங்க முடியும் வெட்டுவீங்களோ?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"இது இழுப்பை மாத்துத கருவி சார்."

"இழுப்பா? ஆஸ்துமாவுக்கா?"

"அந்த இழுப்பு இல்ல சார். போனைப் பாக்கணும் பாக்கணும்னு மண்டைக்குள்ள ஒண்ணு இழுக்குல்லா, அது. அதை அழிக்க முடியல. ஆறு வருஷமாப் பாத்துட்டேன். ஆனா ஒரு தலையில இருந்து எடுத்து இன்னொரு தலையில வைக்க முடியுது."

ஆவுடையப்பனுக்கு இது பிடித்திருந்தது. முப்பது வருடமாக அவர் கரும்பலகையில் எழுதி வந்ததும் இதுதான். "அழிக்க முடியாது, இடம் மாத்தலாம். ஆற்றலுக்குச் சொன்னது இதுக்கும் பொருந்துதே! சரி, இன்னொரு தலையில வச்சு என்ன லாபம்?"

"இவன் தலையில அதுக்குப் பழகின தடம் இருக்கு, சுத்திக்கிட்டே கெடக்கும். புதுத் தலையில தடம் கிடையாது. வாங்கிக்கிட்டவங்க நாப்பது நாள் அதுக்குத் தீனி போடாம இருந்தா தானாக் காஞ்சுரும். ஆனா வாங்குத ஆளுக்கு இழுப்பு இருபது புள்ளிக்குக் கீழ இருக்கணும். ஆளுதான் கெடைக்கல."

"இத்தனாயிரம் பேர் இருக்கோமே!"

"எல்லாரையும் அளந்து பாத்துட்டேன் சார். தோட்டத்துக்குத் தண்ணி விடுதவரு எழுபது. நானே நாப்பத்தெட்டு. நீங்க மட்டுந்தான் வரமாட்டேன்னுட்டீங்க."

ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து மேசையில் வைத்தார். பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. ஜெபசெல்வி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவரை மெதுவாக நாற்காலியில் உட்கார வைத்துக் கூண்டை இறக்கினார். கருவி சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது.

"எல்லாம் மன உறுதி டாக்டரம்மா," என்றார் ஆவுடையப்பன் கூண்டுக்குள்ளிருந்து. "இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் இல்ல. இவன்கிட்ட இருக்கதை எந்தலையில வைங்க. நாப்பது நாள் எதுக்கு? நாலு நாள்ல காய வச்சுக் காட்டுதேன்."

"வேண்டாம் சார்," என்றான் இசக்கி. "அது லேசுப்பட்டது இல்ல."

"நீ சும்மா இருலே."

கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. இசக்கியின் விரல் நின்றுவிட்டது. தொண்ணூற்றிரண்டு புள்ளி இடம் மாறியதில் ஆவுடையப்பனுக்கு உள்ளங்கையில் லேசாக ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். இருவருக்கும் நன்றி சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அன்று பிற்பகல் தன் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பேராசிரியரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. போனில் இருந்த அறுபத்து மூன்று பெயர்களையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாக. பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்தைக் கட்டைவிரலால் தள்ளத் தொடங்கினார்.

மறுநாள் காலை அவர் மனைவி செண்பகவல்லி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"செண்பகம், ஒன் போனைக் கொஞ்சம் குடு. மழை வருமான்னு பாத்துட்டுத் தாரேன்."

மாசி மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. என்றாலும் கொடுத்தார். அரைமணி நேரம் கழித்துத் தேடிப் போனபோது கணவர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, போனில் எந்த நாட்டுக்காரனோ சேறு அப்பிய ஒரு கம்பளத்தைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை என்னாச்சுங்க?"

"இரு. இன்னும் ஓரம் கழுவல."

அன்று சாயங்காலமே அவர் டவுன் பஸ் ஏறிப் போய்ப் புது ஸ்மார்ட்போன் வாங்கினார். ஆக மொத்தம் ஒன்றரை நாள்.

அடுத்த வாரத்துக்குள் தினமும் ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுகொண்டு, எழுதி முடித்த கரும்பலகையை விரலால் மேலே தள்ளிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் யாரோ "லோடு ஆகல சார்" என்றபோது அவருக்கே சிரிப்பு வந்தது. டாக்டர் போனில் விசாரித்தால் "காஞ்சுக்கிட்டே வருது" என்று பொய் சொன்னார். பொய் சொல்லும்போதும் இன்னொரு காதில் ஒரு பூனைக்குட்டி பாடிக்கொண்டிருந்தது.

இசக்கிக்கு முதல் நாள் சொர்க்கம். அடித்துப் போட்டது மாதிரித் தூங்கினான். இரண்டாம் நாள் விடுதிச் சாம்பாரில் முருங்கைக்காய் போடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தான். மூன்றாம் நாளில் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. கையில் பதினோரு மணி நேரம் இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை தலைகளும் கவிழ்ந்திருக்க, அவன் தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. யாரைப் பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக ஒரே அறையில் இருக்கிறவனுக்கு எந்த ஊர் என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. போய்க் கேட்டான். அவன் நிமிராமல் ஏதோ தட்டினான். இசக்கியின் போனில் செய்தி வந்து விழுந்தது: விளாத்திகுளம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கஷ்டம். படிக்க வந்த முதல் மாதம் அவன் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்டிருந்தான். தமிழ் வழியில் படித்தவன், இங்கிலீஷில் கேட்டதில் ஏதோ வார்த்தை தப்பாக விழுந்து வகுப்பே சிரித்தது. அன்று வாயை மூடிப் போனைத் திறந்தவன்தான். இரண்டு வருடமாகப் போனுக்கு அடியில் கிடந்த அந்தச் சிரிப்பு இப்போது அப்படியே, சூடு ஆறாமல், மேலே வந்தது. தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு பகலெல்லாம் கட்டிலில் கிடந்தான். எட்டு நாள் அப்படி இருந்துவிட்டு டாக்டரிடம் போனான்.

"மேடம், அதைத் திருப்பிக் குடுத்துருங்க. அது இருந்தப்போ எனக்கு இப்படி இல்ல."

எல்லாவற்றையும் கேட்டு முடித்த ஜெபசெல்வி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நோயை எடுத்துட்டேன்னு நெனச்சேன் இசக்கி. மூடியைத்தான் எடுத்திருக்கேன் போல. அது என் தப்பு. இனிமே நீ தினம் என்கிட்ட வந்து பேசணும்."

"வாரேன் மேடம். ஆனா அதையும் குடுத்துருங்க."

"அது இப்போ சார்கிட்டல்லா இருக்கு? அவரு சம்மதிக்கணும்."

இசக்கி நேராக இயற்பியல் துறைக்குப் போனான். பேராசிரியரின் அறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான்.

"யாரு? வேலையா இருக்கேன்."

"இசக்கி சார்."

கதவு திறந்தது. ஆவுடையப்பன் நான்கு நாள் தாடியோடு, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டபடி நின்றார். கண் சிவந்திருந்தது. கையில் இருந்த திரையில் ஒரு நாய் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தது.

"சார், என் இழுப்பைத் திருப்பிக் குடுங்க."

பேராசிரியர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "குடுக்கேன், குடுக்கேன். இது முடியட்டும்."

"அது முடியாது சார்."

"என்னது?"

"முடியவே முடியாது. கீழ கீழ போய்க்கிட்டேதான் இருக்கும். ரெண்டு வருஷம் நான் தேடிப் பாத்துட்டேன், அதுக்கு அடி கெடையாது."

ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நாய் மட்டும் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தது.

"இதைத் தலையில வச்சுக்கிட்டா நீ பரீட்சை எழுத வந்த?"

"ஆமா சார்."

"நான் ஒன்னைய சோம்பேறின்னு நெனச்சேம்லே. சரி, ஒனக்காவது இப்போ நல்லா இருக்கும்லா?"

இசக்கி இல்லை என்றான். ஏன் இல்லை என்பதையும் சொன்னான். இரண்டு வருடத்தில் அவன் ஒரு மனிதரிடம் தொடர்ந்து பத்து வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவை. பேசும்போதே பேராசிரியரின் கை மூன்று முறை போன் பக்கம் நகர்ந்தது. மூன்று முறையும் இசக்கி அதைப் பிடித்து மேசையில் வைத்தான். நான்காவது முறை போனையே எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனுக்குத்தான் இழுப்பு இல்லையே.

"சாயங்காலம் வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும் சார்."

"அது வரைக்கும் நான் என்ன செய்ய?"

"தெரியல சார். எனக்கும் அதான் தெரியல."

இருவரும் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியைப் பன்னிரண்டு முறை சுற்றினார்கள்.

அதுவே வழக்கமானது. இசக்கி காலையில் பேராசிரியரின் போனை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போவான். நான்கு மணிக்கு வகுப்பு முடிந்ததும் பேராசிரியரைக் காவல் காக்க வந்துவிடுவான். அவர் என்னென்னவோ தந்திரம் செய்தார். வீட்டுக்குப் பேச வேண்டும் என்றார். இசக்கி எண்ணை அழுத்திப் போனை அவர் காதில் வைத்து, தன் கையை எடுக்காமல் நின்றான். வேறு வழியில்லாமல் மனைவியிடம் இருபது நிமிடம் பேசினார். செண்பகவல்லி இசக்கியிடம் சொல்லியே விட்டார்: "இந்த மனுசன் என்கிட்ட இவ்வளவு பேசினது கல்யாணமான வருஷந்தான். போனை நீயே வச்சுக்கோ தம்பி."

ஒருநாள் ஆவுடையப்பன் கேட்டார்: "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்கன்னியே, அந்தக் கேள்வி என்னலே?"

இசக்கி தமிழில் கேட்டான். "அண்டம் விரியுதுங்காங்க. அப்போ அதை அளக்குத அடிக்குச்சியும் சேந்து விரியணும்லா சார்? பெறகு விரியுதுன்னு எப்படித் தெரியும்?"

இதற்கென்ன என்று பதில் சொல்லத் தொடங்கிய பேராசிரியர் பாதியில் நின்றார். இன்னொரு பக்கமாகத் தொடங்கி அங்கேயும் நின்றார். தரையில் குச்சியால் கோடு போட்டார். மூன்று சாயங்காலம் ஆயிற்று அது தீர. அந்த மூன்று சாயங்காலமும் அவர் போனைக் கேட்கவில்லை. அதை இருவருமே கவனிக்கவில்லை, இசக்கி சொன்னதை வைத்து டாக்டர்தான் குறித்து வைத்தார்.

இருபத்து மூன்றாம் நாள் கல்விக்குழுக் கூட்டம் வந்தது. ஆவுடையப்பன் எழுந்து தடைத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். "தண்டனையால இது போகும்னா என்னைவிட்டு என்னைக்கோ போயிருக்கணும். எனக்கு நானே குடுக்காத தண்டனை இல்ல," என்றார். அதற்குப் பதிலாக நூலகத்தின் பின்னறையை மாலை நான்கு மணிக்குத் திறந்து வைக்க வேண்டும், வருகிறவர்கள் ஒருவர் போனை மற்றவர் வாங்கி வைத்துக்கொண்டு நேருக்கு நேர் பேச வேண்டும் என்று கேட்டார். துணைவேந்தர் மேசைக்கு அடியில் இருந்த தன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றார். மற்றவர்களும் அப்படியே சரி என்றார்கள். யாரும் காது கொடுத்துக் கேட்காததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

முதல் நாள் அந்த அறைக்கு வந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் விளாத்திகுளத்துக்காரன். இசக்கி இழுத்துக்கொண்டு வந்திருந்தான். அடுத்த வாரம் எட்டுப் பேர். பெரிதாக எதுவும் நடக்கவில்லை, சண்டை போட்டார்கள், கேரம் விளையாடினார்கள், ஒரு பெண் தன் அண்ணனை நினைத்து அழுதாள். இசக்கி போனை வாங்கி வைத்த நாற்பதாம் நாள் டாக்டர் அளந்தபோது ஆவுடையப்பனுக்கு மூன்று புள்ளி. இசக்கிக்குப் புதிதாகப் பதினொன்று முளைத்திருந்தது, ஆனால் தலையணை இப்போது நெஞ்சில் இல்லை, தலைக்கு அடியில்தான் இருந்தது. ஜெபசெல்வி எல்லாவற்றையும் கட்டுரையாக எழுதி வெளியிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல், மனநல மையத்தின் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சென்னையிலிருந்து வந்த அஸ்வந்த் என்ற அதிகாரி இறங்கினார். குட்டி குட்டி வீடியோக்களை விடாமல் காட்டும் ஒரு செயலி நிறுவனத்தில் பெரிய பதவி. கருவியை விலை பேச வந்திருந்தார். டாக்டரோடு ஆவுடையப்பனும் இசக்கியும் இருந்தார்கள்.

"அற்புதமான கண்டுபிடிப்பு மேடம்," என்றார் அஸ்வந்த். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். சார் பூஜ்யத்துல இருந்து புது போன் வாங்குற வரைக்கும் எத்தனை நாள் ஆச்சு?"

"ஒன்றரை நாள்," என்றார் ஆவுடையப்பன் வெட்கத்துடன்.

அஸ்வந்த் அதைக் குறித்துக்கொண்டார். அவர் முகம் மலர்ந்த விதம் ஜெபசெல்விக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க எறக்கி வைக்கதுக்குக் கேக்கல, அப்படித்தானே? ஏத்தி விடக் கேக்கீங்க."

"மேடம், நாட்டுல இன்னும் எத்தனையோ பேர் பட்டன் போனோட பின்தங்கி இருக்காங்க. அவங்களையும் நாம..."

ஆவுடையப்பன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு எழுந்தார். முப்பது வருடத்தில் யாரையும் அடித்ததில்லை என்றாலும் தொடங்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. டாக்டர் அவரைக் கையமர்த்தினார்.

"கருவியை வாங்க வந்தவரு ஒருதடவை உக்காந்து பாக்க வேண்டாமா? வாங்க."

அஸ்வந்த் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கூண்டு இறங்கியது. கருவி காட்டக்கூடிய உச்ச அளவு இருநூறு. எண்கள் கடகடவென்று ஏறி இருநூறில் முட்டி நின்றன. டாக்டர் தட்டிப் பார்த்தார். நகரவில்லை.

"ரிப்பேரா மேடம்?"

"இல்ல."

அவர் மறுபடி சிரித்தார். பையில் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்தார், வைத்தார், உடனே எடுத்தார். மூன்று பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு போனை மடியில் கவிழ்த்தார். கூண்டுக்குள்ளிருந்து குரல் வேறு மாதிரி வந்தது.

"மேடம்... நிறையப் பேர் பங்கு போட்டும் வாங்கிக்க முடியும்னு கட்டுரையில எழுதியிருந்தீங்களே. அது நெஜமா?"

"நெஜந்தான்."

"ஆபீஸ்ல இதை யார்கிட்டயும் சொல்ல முடியாது. எனக்கு ஏழு வயசுல பொண்ணு இருக்கா. தினமும் ஸ்கூல்ல நடந்ததெல்லாம் சொல்லுவா. நான் போனைப் பாத்துக்கிட்டே தலையாட்டுவேன். போன வாரத்துல இருந்து அவ சொல்றதை நிறுத்திட்டா. நிறுத்தினதே எனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது."

ஆவுடையப்பன் மடித்த சட்டைக்கையைக் கீழே இறக்கிவிட்டார்.

"எந்தலையில வைங்க டாக்டரம்மா. எனக்குப் பழக்கந்தான்."

"உங்களுக்கு இனி ஒரு வருஷத்துக்குக் கூடாது சார். இருநூறை ஒரு தலை தாங்கவும் தாங்காது."

இசக்கி கடிகாரத்தைப் பார்த்தான். "நாலு மணி ஆகட்டும் மேடம். நம்ம ரூம்ல இப்போ இருபதுக்குக் கீழ பதினாலு பேரு இருக்காங்க. ஆளுக்குப் பதினஞ்சுகூட வராது. நான் கேக்கேன், வருவாங்க."

"கருவி வேலை செய்யலன்னு ஆபீஸுக்கு எழுதிடுறேன்," என்றார் அஸ்வந்த் யாரும் கேட்காமலே. பிறகு இசக்கியைப் பார்த்து, "வலிக்குமா?" என்றார்.

"வலிக்காது சார். இன்னைக்கு நல்லாத் தூங்குவீங்க. நாளைக்கும் நல்லா இருக்கும்." இசக்கி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "நாளைக்கழிச்சுதான் கஷ்டம். கைய எங்க வைக்கன்னு தெரியாது. எங்க இருந்தாலும் ஒடனே எனக்குப் போன் பண்ணுங்க. வேற யாராவது என் போனை வச்சிருப்பாங்க, அவங்க எடுப்பாங்க."